புண்ணுக்கு யார் பொறுப்பு?

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துண்டு கொடுத்து நோயாளியை வீட்டுக்கும் அனுப்பியாயிற்று. வீடு வந்த நாலாம் நாள் புண்ணைச் சுற்றிச் சிவக்கிறது. ஐந்தாம் நாள் தையல் வாயிலிருந்து நீர் கசிகிறது. அதற்கடுத்த நாள் சீழ். இது கல்முனையிலும் நடக்கும், கொழும்பிலும் நடக்கும், இலண்டன் மாநகரிலும் நடக்கும். வறிய நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் கத்திபட்ட நூறு பேரில் பதினொருவருக்குப் புண்ணில் கிருமித்தொற்று ஏற்படுகிறதென்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. ஆனால் புண் பழுத்த வீட்டிலே நூறும் பதினொன்றும் பேச்சில்லை. அங்கே எழுகிற கேள்வி ஒன்றுதான்: இது யாருடைய குற்றம்?

எங்கள் கிழக்குக் கரையில் இதற்கு மூன்று விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. முதலாவது, நோயாளியின் தலையில் விழுவது. "கிரந்திச் சாமான் ஏதும் தின்றிருப்பாள்." கணவாயோ, இறாலோ, கத்தரிக்காயோ, ஏதோ ஒன்று. வயிறு கீறிப் பிள்ளை பெற்ற பெண் வாயைக் கட்டிக்கொண்டு வெறுஞ்சோறு தின்று கிடந்தாலும் இந்தப் பழியிலிருந்து தப்புவது அரிது. இரண்டாவது விடை வைத்தியசாலையின் தலையில் விழுவது. "அந்த வாட்டிலே யார் ஒழுங்காகப் பார்க்கிறார்கள்?" மூன்றாவது விடை பக்தியின் உடை உடுத்து வருவது. "ஆண்டவருடைய சித்தம்" என்று எங்கள் வீடுகளிலும், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும், "தலைவிதி" என்று பாண்டிருப்பிலும் காரைதீவிலும் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம்.

இந்த மூன்றாவது விடையை நாம் எளிதில் விட்டுவிட முடியாது. துன்பத்திலே இறைவனைப் பற்றிக்கொள்வது வேறு. தடுத்திருக்கக்கூடிய ஒரு தீங்கை இறைவனின் பெயரில் எழுதிவைப்பது வேறு. பின்னது அவருடைய திருப்பெயரை வீணாகச் சொல்வதற்கு மிக அருகில் வருகிறது. கழுவாத ஒரு கை செய்த வேலையை ஆண்டவரின் கணக்கில் ஏற்ற எவருக்கும் உரிமையில்லை.

இதைப் பற்றி நினைக்கும்போது வியன்னா நகரில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. அதிலே ஒரு குருவும் ஒரு மணியும் வருவதால் நம் வாசகர்கள் விரும்பிக் கேட்பார்கள்.

1846ஆம் ஆண்டில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரிய இளம் வைத்தியர் வியன்னாப் பொது வைத்தியசாலையின் பிரசவப் பகுதியில் பணிக்குச் சேர்ந்தார். அங்கே இரண்டு பிரிவுகள். முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவ மாதர் பயின்றார்கள். ஒரே கூரை, ஒரே நகரத்து ஏழைப் பெண்கள். அந்த ஆண்டில் முதலாம் பிரிவிலே நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் மூவருக்கும் குறைவு. ஏழைப் பெண்களுக்கு இது தெரியும். முதலாம் பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாமென்று அவர்கள் கைகூப்பி மன்றாடினார்கள். பெரிய டாக்டர்கள் காற்றையும் பருவத்தையும் காரணம் காட்டினார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே காற்றுத்தானே என்று செம்மல்வைஸ் கேட்டார்.

அப்போது ஒருவர் ஒரு காரணம் சொன்னார். சாகக் கிடக்கும் பெண்ணுக்கு நற்கருணை கொண்டு வரும் குருவானவர், இரண்டாம் பிரிவில் நோயாளியின் அறைக்கு நேரே போய்விடலாம். முதலாம் பிரிவிலோ ஐந்து அறைகளைக் கடந்து போகவேண்டும். அவருக்கு முன்னே ஒருவர் மணியடித்துச் செல்வார். அந்த மணியோசை கேட்டுப் பயந்துதான் பெண்களுக்குக் காய்ச்சல் வருகிறது என்றார்கள். செம்மல்வைஸ் சிரிக்கவில்லை. குருவானவரிடம் போய், சுற்றுவழியாக, மணியடிக்காமல் வரும்படி வேண்டிக்கொண்டார். குருவும் இணங்கினார். சாவு குறையவில்லை. ஆகவே மணி காரணமன்று என்று அந்தக் காரணத்தை அடித்துவிட்டு அடுத்ததைத் தேடினார். அந்தக் குருவின் பெயர் நமக்குத் தெரியாது. தம் வழக்கத்தை மாற்றிப் பார்க்கச் சம்மதித்த அவரை நாம் மெச்சுகிறோம். அந்த வைத்தியசாலையிலே பேராசிரியர்களே செய்யத் துணியாத காரியம் அது.

1847இல் அவருடைய நண்பரான பேராசிரியர் கொல்லெட்ஷ்கா, பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது ஒரு மாணவனின் கத்தி விரலில் பட்டு, பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாருக்கு இருந்த அதே குறிகளோடு இறந்தார். செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. மாணவர்கள் பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவ மாதர் பிண அறைக்குப் போவதில்லை. அந்த ஆண்டு மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் தாய்மாரைத் தொடக்கூடாதென்று கட்டளையிட்டார். 1848இல் முதலாம் பிரிவில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் சொச்சம். இடையிலே இன்னொரு பாடமும் கிடைத்தது. புற்றுநோயால் சீழ் வடியும் ஒரு பெண்ணை முதலில் சோதித்துவிட்டு, இடையிலே குளோரின் நீரில் கை கழுவாமல் அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனபோது பன்னிரண்டு பெண்களில் பதினொருவர் இறந்தார்கள். பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ளவரின் புண்ணிலிருந்தும் நோய் கைவழியே போகும் என்பது அப்போது புலனாயிற்று. வாட்டிலே காயம் கட்டும் தாதி ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் கை கழுவவேண்டுமென்ற சட்டத்துக்குப் பின்னால் இந்தப் பதினொரு தாய்மார் நிற்கிறார்கள்.

செம்மல்வைஸைப் பாராட்டினார்களா? இல்லை. 1849இல் அவருடைய வேலை புதுப்பிக்கப்படவில்லை. கண்ணியமான வைத்தியர்களைப் பார்த்து, உங்கள் கையே கொன்றது என்று சொன்னால் யார் பொறுப்பார்? 1865இல் மனநோயாளர் இல்லமொன்றில் அவர் இறந்தார். உடலில் ஏற்பட்ட காயம் சீழ்பிடித்து இரத்தம் விஷமானதே சாவுக்குக் காரணம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அந்த வியன்னா மாணவர்கள் குற்றவாளிகளா? குருமடத்தில் ஒழுக்கவியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு பழைய வேறுபாடு உதவும். அறியாமையில் மூன்று வகை உண்டு. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. அதற்கு மனச்சான்று கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கிருமி என்ற சொல்லையே அறியாத காலத்து மாணவன் அந்த வகையில் நிற்கிறான். முயன்றால் நீக்கக்கூடிய அறியாமை இரண்டாவது. அது சோம்பலின் பிள்ளை. மூன்றாவதை ஆழமாக ஆராய்ந்தவர் புனித தோமா அக்குவினார். அது விரும்பிப் பேணும் அறியாமை. தெரிந்துகொண்டால் மாறவேண்டி வருமே என்று அஞ்சி, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு வழிதேடுவது. இது குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது என்பதே திருச்சபையின் நெடுநாளைய போதனை.

கிருமியைப் பற்றி இன்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே இன்றைய வைத்தியசாலையில் அறியாமை எங்கே ஒளிந்திருக்கிறது? எண்ணிக்கையிலே. சென்ற மாதம் இந்த வாட்டில் எத்தனை பேருக்கு வயிறு கீறினோம், அவர்களில் எத்தனை பேருடைய புண் பழுத்தது? இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாத வைத்தியசாலையில் யாரும் பொய் சொல்வதில்லை. யாரும் எதையும் மறைப்பதுமில்லை. மறைப்பதற்கு ஒன்றுமே எழுதப்படவில்லையே! எல்லாருடைய மனச்சான்றும் நிம்மதியாக உறங்குகிறது. இந்த நிம்மதியைத்தான் நாம் சந்தேகிக்கிறோம்.

எண்ணினால் மட்டும் என்ன பயன் என்று கேட்கலாம். கனடாவின் கல்கரி நகரில் குரூஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடன் பணியாற்றிய ஃபோர்ட்டும் பத்து ஆண்டுகளாக 62,939 சத்திரசிகிச்சைப் புண்களைத் தொடர்ந்து பார்த்துக் கணக்கெழுதி 1980இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சத்திரவைத்தியருக்கும் அவரவர் கணக்கு அறிவிக்கப்பட்டது. யாரையும் தண்டிக்கவில்லை, பத்திரிகைக்கும் கொடுக்கவில்லை. தொற்று இறங்கிற்று. சத்திரசிகிச்சைக்கு முன்னால் சவர அலகினால் மயிர் மழிப்பது நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்கிறது, முன்கூட்டியே பல நாள் வாட்டில் கிடப்பது புண்ணுக்குக் கேடு என்பன போன்ற விஷயங்கள் அந்தக் கணக்கிலிருந்தே துலங்கின. அமெரிக்காவில் 1985இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வும், ஒழுங்கான கண்காணிப்பும் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தால் வைத்தியசாலைத் தொற்றுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கலாம் என்று கண்டது. இலங்கையின் பெரிய அரச வைத்தியசாலைகளிலும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று தாதிய உத்தியோகத்தர் இருக்கிறார். அவருக்கு வேண்டியது நோட்டுப்புத்தகம் மட்டுமன்று; அவர் எழுதியதைக் கேட்டுக் கோபிக்காத மேலதிகாரியும் வேண்டும்.

எண்ணுவது எளிதன்று. சத்திரசிகிச்சைக்குப் பின் முப்பது நாட்களுக்குள் வரும் தொற்று அந்தச் சிகிச்சையின் கணக்கிலேயே சேரும். ஆனால் தாய் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வீட்டுக்குப் போய்விடுகிறாள். வாட்டை மட்டும் பார்த்து எண்ணுகிறவர் பாதியைத்தான் பார்க்கிறார். இங்கே நம் நாட்டுக்கு ஓர் அரிய வசதி உண்டு. பிள்ளை பெற்ற தாயை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் மருத்துவ மாது பல செல்வ நாடுகளுக்கும் வாய்க்காதவர். அவர் வீட்டில் காண்பது வைத்தியசாலைப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தால் கணக்கு முழுமை பெறும்.

இனி, இந்தக் கரையில் எவரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். கல்முனை நகரில் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அளவில் இரண்டு பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்று கல்முனை வடக்கு வைத்தியசாலை. மற்றது 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் அஷ்ரப்பின் பெயர் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை. இரண்டும் அரசினுடையவை, இரண்டிலும் யாரும் போய் மருந்து எடுக்கலாம். ஆயினும் ஒன்றைத் தமிழருடையது என்றும் மற்றதை முஸ்லிம்களுடையது என்றும் ஊர்வாய் பிரித்துவைத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரிலே ஒரு புண் பழுத்தால் அது வெறும் புண்ணாக இருப்பதில்லை. அயலார் கையில் பழுத்த புண் என்று ஒரு கதை கிளம்பக் கூடும். இந்த நிலையில் ஒரு வைத்தியசாலை உண்மையாக எண்ணி, நூற்றுக்கு எட்டு என்று எழுதிவைத்தால், எண்ணவே எண்ணாத மற்றது தூய்மையானதாகத் தோன்றும்! நேர்மையாகக் கணக்கு வைத்தவனுக்கே அவப்பெயர். அப்படியானால் எண்ணாமல் விடுவதுதான் சமாதானத்துக்கு நல்லதா?

சிலர் அப்படி நினைக்கிறார்கள்; அவர்கள் தீயவர்களல்லர். ஆனால் எண் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. வதந்திக்குப் பகுதியும் இல்லை, விகுதியும் இல்லை. ஒரே ஒரு பழுத்த புண் பத்துத் தெருவுக்கு நூறு புண்ணாகிவிடும். எண் அவ்வாறு பெருக முடியாது. எமது கருத்து இது: கணக்கு முதலில் வைத்தியசாலைக்குள்ளேயே, கத்தி பிடித்தவருக்கும் காயம் கட்டியவருக்கும் போகட்டும். சுகாதாரத் திணைக்களத்துக்குப் போகட்டும். பத்திரிகைகள், நாமும் சேர்த்துத்தான், இரண்டு வைத்தியசாலைகளைத் தராசில் வைத்து நிறுக்காதிருப்போம். வெடித்த குடல்வாலோடு நள்ளிரவில் வந்தவனின் புண்ணும், நாள் குறித்துக் குடலிறக்கத்துக்கு வந்தவனின் புண்ணும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையல்ல. ஆனால் ஒருவரிடம் மட்டும் மறைக்க எவருக்கும் உரிமையில்லை. அவர் அந்த நோயாளி. "உங்கள் புண்ணில் தொற்று ஏற்பட்டிருக்கிறது, அது இங்கே ஏற்பட்டிருக்கக் கூடும்" என்று கட்டிலருகில் சொல்லப்படும் வார்த்தை அவருக்குச் சேரவேண்டிய கடன். அதைச் சொன்னால் வழக்கு வரும் என்ற பயம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் பயம் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை.

எண்ணாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்ததும், இலங்கையில் அதிக உயிர்கள் பறிபோனது அம்பாறை மாவட்டத்தில் என்பதும், அந்த எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியதும் எங்கள் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உலகமெங்கும் இருந்து மருந்தும் உபகரணமும் வந்து குவிந்தன. 2005 ஜூன் கடைசியிலும் ஜூலையிலும், முதுகில் ஊசி ஏற்றி விறைக்கச் செய்து வயிறு கீறிப் பிள்ளை பெற்ற ஐந்து தாய்மாருக்கு மூளையுறையில் அழற்சி கண்டது. சாதாரண கிருமி எதுவும் அகப்படவில்லை. ஈரத்தில் படரும் அஸ்பெர்கிலஸ் என்ற பூஞ்சணமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. மூவர் இறந்தார்கள். ஆராய்ந்த வைத்தியர்களின் பார்வை ஊசிக் குழாய்களின் மீதும், அவை வைக்கப்பட்டிருந்த களஞ்சியத்தின் மீதும் சென்றது. வெள்ளமாய் வந்த நன்கொடைப் பொருள்களுக்கு இடம்பண்ணும் நெருக்கடியில், இருக்கவேண்டிய முறையில் பொருள்கள் இருக்கவில்லை. 2006இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பு, இது சுனாமியின் பின்விளைவா என்று கேள்விக்குறியோடு நிற்கிறது.

இதிலே யார் குற்றவாளி? ஊசி போட்ட டாக்டர் உறையைக் கிழித்துப் புதிய ஊசியைத்தான் எடுத்தார். கொடுத்தவர்கள் இரக்கத்தினால் கொடுத்தார்கள். களஞ்சியத்துக்காரர் இடமில்லாமல் தவித்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கூண்டில் ஏற்றினால் ஒவ்வொருவரும் விடுதலையாவார். மூன்று தாய்மாரோ மண்ணுக்குள். பாவம் என்றால் ஒருவன் அறிந்து செய்த செயல் என்று மட்டுமே பழகிய நம் மனம் இங்கே தடுமாறுகிறது. பொறுப்பு என்பது குற்றத்தைவிட அகலமானது என்று சொல்லலாம்: குற்றம் செய்யாதவனுக்கும் பொறுப்பு இருக்கலாம், அடுத்த தாய்க்கு இது நேராதபடி பார்க்கும் பொறுப்பு. இந்த ஐந்தும் ஒன்று என்று கண்டுபிடிக்கப்பட்டதே, யாரோ ஐந்து பேரையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபடியால்தான். ஐந்து வீடுகளில் ஐந்து தலைவிதிகளாக அது முடிந்திருந்தால் ஆறாவதும் ஏழாவதும் தொடர்ந்திருக்கும்.

உதவி செய்வோருக்கும் இங்கே ஒரு சொல். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களுக்கு நம்மவர் தாராளமாகக் கொடுக்கிறார்கள். கட்டில், மின்விசிறி, பெயர்ப்பலகையோடு ஒரு மண்டபம். சவர்க்காரம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டியதை நாம் கண்டதில்லை. குழாயில் தண்ணீர் வராத வாட்டில் கை கழுவச் சொல்வது பரிகாசம். நீராவியால் கருவிகளைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டால் அதைத் திருத்துவதற்கு ஒரு கொடையாளி முன்வருவாரா? நாற்பது கட்டிலுக்கு இரவில் இரண்டு தாதியரை நிறுத்திவிட்டு அவர்கள் கையைப் பார்த்துக் குறை சொல்வது நீதியன்று.

கை கழுவுதலில் எங்கள் முஸ்லிம் சகோதரரிடமிருந்து நாம் கற்கலாம். நாளுக்கு ஐந்து தொழுகைக்கும் வுழூச் செய்யும்போது மணிக்கட்டு வரை மும்முறை, விரலிடுக்குகளும் நனைய அவர்கள் கழுவுகிறார்கள். வைத்தியசாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ளதும் ஏறத்தாழ அதுவே. ஒரு காலத்தில் கையில் பூசும் கிருமிகொல்லித் திரவத்தில் மதுசாரம் இருப்பதால் முஸ்லிம் ஊழியர் தொடலாமா என்ற ஐயம் பல நாடுகளில் எழுந்தது. முஸ்லிம் உலக லீக்கின் மார்க்கச் சட்ட அறிஞர்கள் 2002 ஜனவரியில் மக்காவில் கூடி, காயம் சுத்திசெய்யவும் கிருமியைக் கொல்லவும் மேற்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று தீர்த்தார்கள். நமக்கோ கை கழுவுதல் என்றதும் பிலாத்து நினைவுக்கு வருகிறார். பொறுப்பைத் தட்டிவிடக் கழுவியவர் அவர். வாட்டிலே ஒரு தாதி கழுவுவது பொறுப்பை ஏற்பதற்கு.

வீட்டாராகிய நாமும் இதற்குள் இருக்கிறோம். பார்வை நேரத்தில் எட்டுப் பேர் போய்க் கட்டிலில் ஏறி உட்காருகிறோம். "எப்படி இருக்கிறதென்று பார்ப்போம்" என்று கட்டைத் தூக்கிப் பார்க்கிறோம். சீனி வருத்தம் இருப்பதை டாக்டரிடம் மறைக்கிறோம். இரத்தத்தில் சீனி ஏறியிருந்தால் புண் ஆறாது, தொற்றும் எளிதில் பிடிக்கும். நல்ல மருந்து எழுதவில்லை என்று குறை கூறி, கிருமிகொல்லி மாத்திரையைக் கடையில் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துகிறோம். கத்தி வைப்பதற்குச் சற்று முன் வேளையறிந்து கொடுக்கும் ஒரு ஊசி, பின்னர் ஒரு வாரம் விழுங்கும் மாத்திரையைவிடப் பெரிது என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. அந்த வேளையைத் தவறவிடாமல் பார்ப்பது டாக்டர்களின் வேலை. எங்களால் செய்யக்கூடியது தொந்தரவு செய்யாமலிருப்பது.

இன்னொரு காரியமும் எங்களால் ஆகும். வீட்டுக்கு வந்த பின் புண் சிவந்தால், சூடு கண்டால், வலி கூடினால், நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் அடித்தால், வெட்கப்பட்டுக்கொண்டோ கோபித்துக்கொண்டோ தெருமுனைத் தனியார் டிஸ்பென்சரிக்குப் போகாமல், துண்டை எடுத்துக்கொண்டு அதே வைத்தியசாலைக்கு, முடிந்தால் அதே வாட்டுக்குப் போகவேண்டும். மருத்துவ மாது வீட்டுக்கு வரும்போது பிள்ளையை மட்டும் காட்டாமல் தாயின் புண்ணையும் காட்டவேண்டும். தனியாரிடம் போய் ஆறிய புண் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அந்த வாட்டுக்காரர் தங்கள் வேலை நன்றாக முடிந்ததென்றே எண்ணியிருப்பார்கள். அடுத்த நாள் காலையில் அதே மேசையில் இன்னொரு தாய் ஏறுவாள்.